ஐந்து பீப்பாய் தண்ணீரும் அரைப் பவுன் குண்டும்

1804 செப்டம்பர் 7. இன்றைய நெப்ராஸ்கா மாநிலத்தில் மிசௌரி ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு புல்வெளி. அமெரிக்க ராணுவம் பொறுக்கியெடுத்து அனுப்பிய வீரர்கள் ஒரு பொந்தைச் சுற்றி நின்றுகொண்டு அதற்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். தலைமை தாங்குபவர்கள் மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க். பசிபிக் கடல்வரை போய் வழி கண்டுபிடித்து வாருங்கள் என்று ஜனாதிபதி ஜெஃபர்சன் வழியனுப்பி வைத்த கோஷ்டி. பசிபிக் எங்கே ஓடிவிடப் போகிறது, முதலில் இந்தப் பொந்துக்குள் யார் இருக்கிறார் என்று பார்த்துவிடுவோம் என்று, படகுக்குச் சிலரைக் காவல் வைத்துவிட்டு மற்றவர்கள் எல்லாரும் வாளியும் கையுமாக வந்துவிட்டார்கள்.

முதலில் தோண்டிப் பார்த்தார்கள். ஆறடி தோண்டியபின் கழியை விட்டுப் பார்த்தால் பாதி ஆழம்கூட வரவில்லை. பிறகுதான் தண்ணீர். ஐந்து பீப்பாய் ஊற்றினார்கள். பொந்து அத்தனையையும் குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டது. கடைசியில் நனைந்த முகத்தோடு ஒரு பிராணி உயிரோடு அகப்பட்டது. அணிலுக்கும் பெருச்சாளிக்கும் சம்பந்தம் பேசி முடித்தால் பிறக்கக்கூடிய மாதிரி ஒரு ஜந்து. பின்னங்காலில் எழுந்து நிற்கும், ஆளைக் கண்டால் குரைக்கும். குரைத்த ஒரே குற்றத்துக்காக அதற்குப் 'பிரெய்ரி நாய்' என்று பெயர். இன்னொன்று கைதாகி, படகேறி, கப்பலேறி, 1805-ல் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்தபோது ஜனாதிபதி ஊரில் இல்லை. அரசு அலுவலகம் என்றால் அன்றும் அப்படித்தான்.

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று நாம் சும்மா சொல்லிக்கொண்டிருப்போம். அமெரிக்கர்கள் அதைத் தேதி போட்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதியிலிருந்து அடுத்த இருநூறு வருடம் அவர்கள் அதே மலையைத்தான் கெல்லினார்கள். வாளியைக் கீழே போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே வித்தியாசம்.

எதிரியைப் பற்றிச் சில குறிப்புகள்

'வெர்மின்' என்றால் ஒழிக்க வேண்டிய உயிரினம். அந்தச் சொல்லைக் கிராமத்து வாய் மென்று துப்பியதில் வந்தது 'வார்மின்ட்'. பிரெய்ரி நாய், காகம், கயோட்டி என்று பட்டியல் நீளம். கிழக்கு மாநிலங்களில் இந்தப் பட்டியலின் தலைவர் வுட்சக் என்னும் கொழுத்த கொறித்துண்ணி. வயலில் வளை தோண்டும், பீன்ஸ் தின்னும், சதை போடும், குளிர்காலம் முழுக்கத் தூங்கும். எந்த ஊர் மைனருக்கும் பொருந்துகிற ஜாதகம்.

1883-ல் நியூ ஹாம்ப்ஷயர் சட்டசபை இதை விசாரிக்க ஒரு தனிக் குழுவே போட்டது. வுட்சக் குழு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமான குழு, நிஜமான அறிக்கை. இந்தப் பிராணியிடம் ரசிக்கத்தக்க குணம் ஒன்றுகூட இல்லை என்று தீர்ப்பு எழுதி, தலைக்குப் பத்து சென்ட் சன்மானம் வைக்கச் சொன்னது. ஒரு பிராணியை சுவாரசியம் இல்லை என்று சட்டசபை கண்டித்தது ஜனநாயகத்தில் அபூர்வம்.

நாலே வருடம். 1887 பிப்ரவரி 2. பென்சில்வேனியாவில் பங்க்ஸடானி என்ற ஊரில் சில கனவான்கள் ஒரு குன்றுக்குப் போய், அதே பிராணியிடம் வசந்தம் எப்போது வரும் என்று பவ்யமாக ஆரூடம் கேட்டார்கள். இங்கே அதற்குப் பெயர் கிரவுண்ட்ஹாக். வளையைவிட்டு வெளியே வந்து தன் நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர். இன்றும் கறுப்புக் கோட்டு, உயரத் தொப்பியோடு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு மாநிலத்தில் தலைக்கு விலை, இன்னொரு மாநிலத்தில் வானிலை இலாகா. நம்மூரில் பெருச்சாளிக்கும் இதே கதிதான்: சமையலறையில் வந்தால் விளக்குமாறு, பிள்ளையாருக்குக் கீழே உட்கார்ந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

பவுன் கணக்கு

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள பரிச்சயம் பொருட்காட்சியில் பலூன் சுட்டதோடு சரி. பத்துக் குண்டுக்கு ஒரு பலூன்கூட உடையவில்லை. கடைக்காரர் என்னைப் பாசத்தோடு பார்த்தார். ஆகவே பின்வரும் கணக்கில் அனுபவம் கிடையாது, படிப்பு மட்டும்தான்.

19-ம் நூற்றாண்டில் அமெரிக்க ராணுவத்தின் தோட்டா .45-70. 1873-ல் வந்தது. குண்டின் எடை 405 கிரெய்ன். கிரெய்ன் என்றால் குழம்ப வேண்டாம், பவுனில் சொல்கிறேன்: மூன்றேகால் பவுன். ஒரு கல்யாணத்துக்கு மோதிரமும் சின்னச் சங்கிலியும் செய்துவிடலாம். இவ்வளவு ஈயத்தைத் தூக்கிக்கொண்டு குண்டு சாவகாசமாகப் போகும். 200 மீட்டர் தாண்டுவதற்கு அரை விநாடிக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் புவியீர்ப்பு தன் வேலையைக் காட்டி ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் கீழே இழுத்துவிடும். காட்டெருமையைச் சுடுபவனுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. எருமை விசாலமானது, கழுத்துக்குக் குறிவைத்து முட்டியில் பட்டாலும் ஏதோ ஓர் எருமைதான். வுட்சக்கோ பொந்துக்கு வெளியே ஒரு தலை, இரண்டு காது. அவ்வளவுதான் மொத்த விலாசம்.

ஆகவே குண்டைச் சிறிதாக்கு, வேகத்தைக் கூட்டு. நேரம் குறைந்தால் விழுவதும் குறையும். 1930-ல் வந்த ஹார்னெட் தோட்டாவின் குண்டு 200 மீட்டரில் ஏறக்குறைய ஒரு முழம் விழுந்தது. 1935-ல் வந்த ஸ்விஃப்ட் ஒரு சாணுக்குள் நின்றது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது நம் அனுபவம். முழம் சறுக்கியதைச் சாணுக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு இங்கே இயற்பியலே சாட்சி. எடையை இரட்டிப்பாக்கினால் சக்தி இரட்டிப்பாகும், வேகத்தை இரட்டிப்பாக்கினால் சக்தி நாலு மடங்காகும். மற்ற லாபங்களும் உண்டு. துப்பாக்கி தோளில் உதைக்காது. உதைக்காததால் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், குண்டு போய்ச் சேர்ந்ததைத் தானே பார்க்கலாம். மெல்லிய உறை போட்ட குண்டு அந்த வேகத்தில் மண்ணில் பட்டதும் அப்பளமாக நொறுங்கிவிடும். தட்டிக் கிளம்பிப் பக்கத்துப் பண்ணை மாட்டின்மேல் பாயாது. வுட்சக்கைக் கொல்ல அனுமதி கொடுத்த விவசாயி, மாட்டைக் கொன்றால் அடுத்த வாரம் அனுமதிப்பானா?

இத்தனை நியாயங்களும் சரியானவை. அடுத்த நூறு வருடம் நடந்தவற்றில் பாதிக்குக்கூட இந்த நியாயங்கள் போதாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பாதிரியார் கையில் குட்டிச்சாத்தான்

சார்ல்ஸ் நியூட்டன் என்று ஒருவர் இருந்தார். ஆப்பிள் நியூட்டன் வேறு. இவர் நியூயார்க் மாநிலத்து வக்கீல். கோர்ட்டில் கட்டுக் கட்டாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து தோட்டா வடிவமைப்பார். 1912-ல் சாவேஜ் கம்பெனி அவருடைய .22 ஹை-பவரை வெளியிட்டது. அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல் எடையுள்ள குண்டு, விநாடிக்கு 2,800 அடி வேகம். வாங்கியவர்கள் செல்லமாக வைத்த பெயர் 'இம்ப்', அதாவது குட்டிச்சாத்தான்.

இந்தக் குட்டிச்சாத்தானைத் தூக்கிக்கொண்டு சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் புலி வேட்டைக்குப் போனவர் ஒரு பாதிரியார். ஹாரி கால்ட்வெல் என்ற மெதடிஸ்ட் ஊழியர். வேதம் சொல்லப் போன இடத்தில் ஊராருக்குச் சாத்தானைவிடப் புலி பெரிய உபத்திரவமாக இருந்தது. பென்சிலைவிட மெல்லிய குண்டால் புலிகளைச் சுட்டு வீழ்த்தினார். புலியிடம் யாரும் கருத்துக் கேட்காததால் அந்தத் தோட்டாவின் புகழ் ஓங்கியது. எலிக்குச் செய்ததை எடுத்துக்கொண்டு புலியிடம் போகிற துணிச்சல் விசுவாசிகளுக்கே வரும்.

1915-ல் நியூட்டன் அதே கம்பெனிக்கு இன்னொன்று செய்தார். கால் அங்குல விட்டம். 100 கிரெய்ன் குண்டு, 2,800 அடி வேகம், மான் வேட்டைக்கு உகந்தது என்பது அவர் எண்ணம். கம்பெனி கணக்குப் போட்டது. குண்டை 87 கிரெய்னாகக் குறைத்தால் வேகம் 3,000 அடியைத் தொட்டுவிடும். மூவாயிரம்! எப்படிப்பட்ட எண். மானுக்கு எது உகந்தது என்பதை மான் பார்த்துக்கொள்ளட்டும் என்று குண்டைச் செதுக்கி, தோட்டாவின் பெயரையே '.250-3000' என்று வைத்துவிட்டார்கள். செருப்புக் கடையில் 999 ரூபாய் என்று எழுதுகிறவனும் இவர்களும் ஒரே குருகுலம். விலை என்றால் ஒன்று குறைய வேண்டும், வேகம் என்றால் பூஜ்யத்தில் முடிய வேண்டும்.

வேக வியாதி இங்கேதான் ஆரம்பம். இனிச் சொல்லப்போகிற ஒவ்வொருவருக்கும் அது தொற்றியிருக்கிறது. நியூட்டன் தனியாகவும் கம்பெனி தொடங்கிப் பார்த்தார். ஜெர்மனியிலிருந்து ரைஃபிள் தருவிப்பதாகத் திட்டம். தொடங்கிய வருடம் 1914. அந்த ஆகஸ்டில் ஜெர்மனிக்கு அந்த ரைஃபிள்களுக்கு வேறு உபயோகம் வந்துவிட்டது.

சர்க்கார் நேரத்தில் குளவி வளர்த்தவர்கள்

முதல் உலகப் போர் முடிந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கில் நல்ல மூளைகள், நல்ல இயந்திரங்கள், போர் மட்டும் இல்லை. இந்தச் சூழ்நிலையில் சர்க்கார் ஊழியர்கள் உலகெங்கும் செய்வதைத்தான் அங்கேயும் செய்தார்கள்: சொந்த வேலை. கேப்டன் க்ரோவ்னர் வாட்கின்ஸ், டவுன்சென்ட் வீலன் முதலானோர் 1885-ம் வருடத்துக் கரிமருந்துத் தோட்டா ஒன்றை எடுத்தார்கள். அதில் புகையில்லா வெடிமருந்தை அடைத்துப் புதுக்குண்டு வைத்தார்கள். தாத்தா வேட்டியில் பேரனுக்குச் சட்டை. பெயர் ஹார்னெட், அதாவது குளவி.

1930-ல் வின்செஸ்டர் கம்பெனி இந்தத் தோட்டாவைக் கடைக்கு அனுப்பியது. அதைச் சுடுவதற்கான துப்பாக்கியை அப்போது எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. தாலி தயார், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜனங்கள் அசரவில்லை. பழைய துப்பாக்கிகளைப் பட்டறையில் கொடுத்துக் குழாயைத் திருத்தி, தோட்டாவுக்கேற்ற துப்பாக்கியைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். கம்பெனித் துப்பாக்கி பின்னால்தான் வந்து சேர்ந்தது. ஏழெட்டு வருடம் கழித்து வின்செஸ்டரே 'பீ' என்று ஒரு தேனீயையும் வெளியிட்டது. கொட்டுகிற பூச்சிகளின் பட்டியல் தீர்ந்துபோவதற்குள் வேறு வழி கண்டுபிடித்தார்கள், நல்லவேளை.

வாட்கின்ஸுக்குக் குளவி போதவில்லை. சாவேஜின் கால் அங்குலத் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் கழுத்தை நெரித்து, .22 குண்டைச் செருகிப் பார்த்தார். பிரமாதமாகப் போனது. யோசனையை வின்செஸ்டர் வாங்கிக்கொண்டது. கூட்டை மட்டும் மாற்றிவிட்டது. 1895-ல் அமெரிக்கக் கடற்படை ஒரு 6 மில்லிமீட்டர் தோட்டாவைப் பெருமையாக அறிமுகம் செய்து, சில வருடங்களிலேயே கைகழுவியிருந்தது. கப்பல்காரன் வேண்டாம் என்று போட்ட பித்தளையை வின்செஸ்டர் பொறுக்கியெடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, 1935-ல் .220 ஸ்விஃப்ட் என்று விற்றது.

48 கிரெய்ன் குண்டு. அரைப் பவுன்கூடத் தேறாது. வேகம் விநாடிக்கு 4,110 அடி. கடையில் விற்ற தோட்டா ஒன்று நாலாயிரத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. மணிக்கு 4,500 கிலோமீட்டர். காற்று குறுக்கே நிற்காவிட்டால் சென்னையில் கிளம்பிக் கன்னியாகுமரியை ஒன்பதரை நிமிடத்தில் தொடும். பெருங்களத்தூர் நெரிசலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சீற்றத்துக்கு விலை உண்டு. அந்தச் சூட்டில் துப்பாக்கிக் குழாயின் தொண்டை வெந்துபோகும். ஸ்விஃப்ட் குழாயைத் தின்றுவிடும் என்று கெட்ட பெயர் பரவியது. அப்படியெல்லாம் இல்லை, ஆற விட்டு ஆற விட்டுச் சுட்டால் ஒன்றும் ஆகாது என்று சொந்தக்காரர்கள் பரிந்து பேசினார்கள். வீட்டில் ஒரு முன்கோபி இருந்தால் சித்தப்பா பெரியப்பா எல்லாம் பேசுவார்களே, அந்தத் தொனியில்.

தன் கூட்டைக் கைவிட்டுவிட்டார்களே என்று வாட்கின்ஸ் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. தன்னுடையதற்கு 'ஒரிஜினல் ஸ்விஃப்ட்' என்று பெயர் வைத்தார். எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை என்ற போர்டு ஒன்றுதான் பாக்கி.

பூனை வளர்ப்பு

கம்பெனி செய்யாத, தனியாட்கள் பட்டறையில் உருவாக்குகிற தோட்டாவுக்கு அமெரிக்காவில் 'வைல்ட்கேட்' என்று பெயர். காட்டுப்பூனை. எலி பிடிக்கப் பூனை வளர்ப்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் இவர்கள் வளர்த்த பூனைகளின் எண்ணிக்கை எலிகளை மிஞ்சிவிடும் போலிருந்தது. ஊருக்கு ஊர் ஒரு மேதை, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு பூனை.

அந்த ஒரிஜினல் கூட்டிலேயே ஆளாளுக்குக் கைவைத்தார்கள். 1937-ல் கெபி என்ற துப்பாக்கிப் பட்டறைக்காரரும் அவருடைய கூட்டாளியும் தங்கள் பூனைக்கு 'வார்மின்டர்' என்று பெயரிட்டு, கையோடு அந்தப் பெயருக்கு உரிமையும் பதிந்துவிட்டார்கள். மற்ற பட்டறைக்காரர்கள் பார்த்தார்கள். பெயர்தானே உன்னுடையது, பூனை எல்லாருடையதும்தானே என்று .22-250 என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர்தான் நின்றது. 1963-ல் பிரவுனிங் கம்பெனி இந்தப் பூனைக்கு ரைஃபிள் செய்தது, தோட்டா அப்போதும் கடையில் கிடைக்காது. 1965-ல் ரெமிங்டன் ஒருவழியாகத் தோட்டாவையும் தயாரித்தது. சேர்ந்து குடித்தனம் நடத்தி 28 வருடம் கழித்து, பேரன் பேத்திகள் முன்னிலையில் பதிவுத் திருமணம்.

பூனை வளர்ப்பின் உச்சியில் நிற்பவர் பி.ஓ. ஆக்லி. தோட்டா என்று ஒன்றைக் கண்டால் அதன் தோளைத் தட்டிச் சரிசெய்யாமல் போகமாட்டார். தையற்காரர் வழியில் போகிறவனின் சட்டையைப் பார்க்கிற பார்வை அவருக்குத் தோட்டாமேல். ஒருநாள் ஒரு துப்பாக்கிப் பத்திரிகை ஆசாமி, விநாடிக்கு 5,000 அடி போக முடியுமா என்று கேட்டார். கேட்டவருக்குச் சுட வேண்டிய பிராணி எதுவும் இல்லை. எண்தான் வேண்டும். அதுவும் பூஜ்யத்தில் முடிகிற எண்.

ஆக்லி தேடிப் பிடித்தது .378 வெதர்பி மேக்னம். யானை மாதிரித் தடித்த தோல் பிராணிகளுக்காகச் செய்த தோட்டா. அந்தப் பெருங்கூட்டின் கழுத்தை நெரித்து நெரித்து, கடைசியில் எலிக்கான .22 குண்டை அதன் வாயில் வைத்தார். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்போம். ஆக்லி சோளப்பொரிக்கு யானையைப் பரிமாறினார். பெயரையும் தமாஷாகப் போலி ஜெர்மனில் வைத்தார்: இயர்கெஸ்ப்ளிட்டன் லவுடன்பூமர். தமிழில் சொன்னால் காதுகிழிப்பான் பேரிடியன். மருந்தைக் கொட்டி அடைத்துச் சுட்டார்கள். 4,600 அடியோடு நின்றுவிட்டது. அந்தப் பெரிய அண்டாவில் வெடிக்கிறதெல்லாம் அந்தச் சின்ன மூக்கு வழியாக வெளியே வர வேண்டுமே. பேரிடியனால் ஒரு வுட்சக்குக்கும் பெரிய உபத்திரவம் வந்ததாகத் தெரியவில்லை. காதுகளுக்கு மட்டும் வந்திருக்கும்.

தர்பூசணி தேர்வு

இத்தனை கூத்துக்கு நடுவில் அடக்க ஒடுக்கமாக ஒரு தோட்டா பிறந்தது. 1950. ரெமிங்டனில் வேலை பார்த்த மைக் வாக்கர் செய்த .222. தாத்தா வேட்டியும் இல்லை, கடற்படைப் பித்தளையும் இல்லை, ஆரம்பத்திலிருந்து புதிதாக வரைந்தது. நாலாயிரம் ஆசை கிடையாது, விநாடிக்கு 3,200 அடியில் திருப்தி. குழாயைப் புண்ணாக்காது, சொன்ன இடத்தில் படும். மேஜைமேல் துப்பாக்கியை வைத்து ஒரே துளையில் ஐந்து குண்டு போட முயலும் போட்டிக்காரர்கள் பல வருடம் இதைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். சமர்த்துப் பிள்ளை.

சமர்த்துப் பிள்ளைகளைத்தான் முதலில் ராணுவம் கூப்பிடும்.

1957-ல் அமெரிக்க ராணுவத்துக்கு இலேசான ரைஃபிள் தேவைப்பட்டது. சின்னக் குண்டு, குறைந்த உதை, ஐந்நூறு கஜத்தில் இரும்புத் தொப்பியைத் துளைக்க வேண்டும். ஆர்மலைட் கம்பெனியின் யூஜின் ஸ்டோனரும் மற்றவர்களும் சுற்றுமுற்றும் தேடியதில் கண்ணில் பட்டது எலித் தோட்டாவான .222. கொஞ்சம் நீட்டினார்கள். அதுதான் பின்னால் .223, ராணுவ மொழியில் 5.56 மில்லிமீட்டர். துப்பாக்கியின் பெயர் ஏஆர்-15, சர்க்கார் வேலை கிடைத்தபின் எம்-16.

சர்க்கார் வேலை கிடைத்த விதம் எழுதி வைக்க வேண்டியது. 1960 ஜூலை 4. மேரிலாந்தில் ஒரு பணக்காரரின் பண்ணையில் விருந்து. விருந்தாளி விமானப்படைத் துணைத் தலைவர் கர்டிஸ் லீமே, ஜப்பானிய நகரங்களை எரித்த அதே ஜெனரல். கையில் புது ரைஃபிளைக் கொடுத்தார்கள். தூரத்தில் மூன்று தர்பூசணி. இரண்டைச் சுட்டார். தர்பூசணி நிர்மூலமாகி நாலா பக்கமும் சிதறியது. மூன்றாவதைச் சுடாமல் சாப்பிட்டுவிட்டார்கள். ஜெனரலுக்குத் துப்பாக்கி பிடித்துப்போயிற்று, விமானப்படைக்கு வாங்கச் சொல்லிவிட்டார். வீடு வாங்கும்போதுகூட நாம் வாஸ்து, வில்லங்கச் சான்று என்று நாலு பேரைக் கேட்போம். ஓர் உலக வல்லரசின் துப்பாக்கிக்கு வில்லங்கச் சான்று கொடுத்தது இரண்டு பழம்.

வில்லங்கம் வியட்நாமில் தெரிந்தது. தோட்டாவில் அடைக்கிற வெடிமருந்தை நடுவில் மாற்றிவிட்டார்கள். சுத்தம் செய்யவே வேண்டாத துப்பாக்கி என்ற பேச்சு வேறு. போர்க்களத்தில் துப்பாக்கி திணறி நின்றது. சுடாத துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி பையன்கள் செத்தார்கள். 1967-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. இந்தப் பத்தியில் சிரிக்க ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கம் நின்றவர்களும் எலிகள் இல்லை.

பிறகு குறைகளைச் சரிசெய்தார்கள். உலகம் முழுக்க அந்தத் தோட்டா பரவியது. நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளும் 5.56 மில்லிமீட்டர்தான். திருச்சி படைக்கலத் தொழிற்சாலை தயாரித்த துப்பாக்கிகளில் அதுவும் ஒன்று. பென்சில்வேனியா வுட்சக்குக்கு வைத்த பொறியின் பேரப்பிள்ளை திருவெறும்பூர் பக்கம் வளர்ந்திருக்கிறது. கோடிக்கணக்கில் தயாராவதால் .223 தோட்டா அமெரிக்காவில் சல்லிசு. விளைவு, அதையே வாங்கிக்கொண்டு மறுபடி பிரெய்ரி நாய்களிடம் போனார்கள். வாளிக்கு அடுத்தபடி அதுதான் இப்போது சிக்கனம்.

பொந்துக்குத் திரும்புதல்

வியாதி இன்னும் குணமாகவில்லை. 1971-ல் ரெமிங்டன் .17 கொண்டுவந்தது. குண்டு கால் பவுனுக்கும் குறைவு, வேகம் 4,040 அடி. 2004-ல் .204 ரூகர் வந்தது, விளம்பரத்தில் 4,225 அடி. 69 வருடம் முன்னால் ஸ்விஃப்ட் வைத்துவிட்டுப் போன 4,110-ஐவிட 115 அடி கூடுதல். அந்த 115 அடியால் எந்தப் பிரெய்ரி நாயின் வாழ்க்கையிலும் மாற்றம் இருந்திருக்காது. குண்டு எதிலிருந்து புறப்பட்டது என்று அது விசாரிப்பதில்லை.

ஆனால் மற்ற விஷயங்களை நன்றாக விசாரிக்கும். அரிசோனாவில் கான் ஸ்லோபோட்சிகோஃப் என்ற ஆராய்ச்சியாளர் பல வருடம் உட்கார்ந்து இவற்றின் குரைப்பைப் பதிவு செய்தார். பருந்துக்கு ஒரு குரல், கயோட்டிக்கு ஒரு குரல், மனிதனுக்கு ஒரு குரல். வருகிறவன் போட்டிருக்கும் சட்டையின் நிறம் மாறினால் குரலும் மாறுகிறதாம். நாலாயிரம் அடிக்காக ஒருவன் நூறு வருடம் கூடு நெரித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்தில் இருந்தவை அவன் சட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன.

பிரெய்ரி நாய்களின் சாம்ராஜ்யம் இன்று சிறு துண்டுகளாகச் சுருங்கிவிட்டது. சுருக்கியதில் பெரிய பங்கு ஸ்விஃப்டுக்கா, வார்மின்டருக்கா, பேரிடியனுக்கா? உழுத கலப்பைக்கு ஒரு பங்கு. சர்க்கார் மூட்டை மூட்டையாக வைத்த விஷத் தானியத்துக்கு ஒரு பங்கு. இன்னொரு பங்கு 1900 வாக்கில் ஆசியாவிலிருந்து கப்பலேறி சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கிய பிளேக் கிருமிக்கும் அதைச் சுமக்கும் தெள்ளுப்பூச்சிக்கும். தெள்ளு ஒரு குடியிருப்பில் நுழைந்தால் கிட்டத்தட்ட எல்லாமே காலி. விட்டம் ஓரிரு மில்லிமீட்டர், எடை போடப் பவுன் தராசு உதவாது, வேகம் ஒரு துள்ளல். .17-ஐவிடச் சின்னக் குண்டு எது என்று பட்டறையில் யோசித்தவர்களின் தலைமுடிக்குள்ளேயே பதில் இருந்திருக்கலாம்.

பிரெய்ரி நாய் போனால் அதைத் தின்று வாழும் கறுங்கால் ஃபெரட்டும் போகும். கீரி மாதிரி ஒரு பிராணி. 1979-ல் அந்த இனமே முடிந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். 1981-ல் வயோமிங்கில் ஷெப் என்ற பண்ணை நாய் ஒன்று செத்த ஃபெரட்டைக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் போட்டது. அங்கே பிழைத்திருந்தவற்றைப் பிடித்து எண்ணினால் 1987-ல் மொத்தமே 18. அந்தப் பதினெட்டிலிருந்து இனத்தை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஃபெரட் பிழைக்கப் பிரெய்ரி நாய் பிழைக்க வேண்டும், பிரெய்ரி நாய் பிழைக்கப் பிளேக்குக்குத் தடுப்பு மருந்து வேண்டும். ஊசி போடக் கூப்பிட்டால் வராது, சட்டை நிறத்தைச் சொல்லிவிட்டுப் பொந்துக்குள் போய்விடும். ஆகவே மருந்தை வேர்க்கடலை வெண்ணெய் வாசனையுள்ள குளிகையாக உருட்டிப் பொந்துகளுக்குப் பக்கத்தில் இறைத்துப் பார்த்தார்கள். மொன்டானாவில் அதைத் தூவ ட்ரோனையும் கொண்டுவந்தார்கள்.

ஆக, அமெரிக்க சர்க்கார் மறுபடியும் அதே பொந்து வாசலில் நிற்கிறது. அன்று ஐந்து பீப்பாய் தண்ணீர், இன்று வேர்க்கடலை உருண்டை. நடுவில் போன இருநூறு வருடத்தில் சுட்டு அனுப்பியது ஏராளம். இந்த உருண்டையைத்தான் அது வெளியே வந்து வாங்கிக்கொள்கிறது.